பன்னிரண்டு குஞ்சுகளும் ஒரு கையெழுத்தும்

வருடத்துக்கு ஒருமுறை, ஓய்வூதியத்துக்காக, நாம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அரசாங்கத்திடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிற வயதுக்கு நீங்களும் வந்துவிட்டீர்கள், நானும் வந்துவிட்டேன். போன முறை அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மாளின் கையில் ஒரு ஷூ அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளிருந்து கீச்கீச் என்று சத்தம். பேத்தி கேட்டாள் என்று பஸ் ஸ்டாண்டு வாசலில் நான்கு கோழிக்குஞ்சு வாங்கினாராம். "இதுங்கள எப்படிங்க வெச்சிக்கறது?" என்று என்னைக் கேட்டார்.

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். முதல் வாரம் தொண்ணூற்றைந்து டிகிரி ஃபாரன்ஹீட். பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். வெப்பமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், நம் மூக்கு உயரத்தில் அல்ல. இருக்கிற இடத்தில் மூலை கூடாது. மூலை இருந்தால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது நசுங்கிப்போகும். விளக்கின் அடியில் குவிந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். விளக்கை விட்டு விலகி வாயைப் பிளந்துகொண்டு நின்றால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் நாம் போய் நம் வேலையைப் பார்க்கலாம்.

நான் கால்நடைத் துறையில் இருந்தேனா என்று அந்த அம்மாள் கேட்டார். இல்லை, வருவாய்த் துறை. பணிக்காலத்தில் கோப்புகளைத் தவிர வேறெதையும் நான் அடைகாத்ததில்லை. கோழிக்குஞ்சு விவகாரமெல்லாம் ஒன்பது வயதில், ஒரு டிசம்பர் மாதத்தில் தெரிந்துகொண்டது.

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் காயப்போடும் கொட்டகைக்கு மேஸ்திரி. ஈரத்தோலை எவ்வளவு காற்றில், எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் திருப்பித் தொங்கவிட வேண்டும் என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். அம்மா ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். ஜுரத்தை இறக்குவதில் அவள் வைத்தது சட்டம். எனக்கு நாலு வயது மூத்த ஓர் அண்ணன். நாங்கள் இருவரும் ஒழுங்கான பிள்ளைகள். தவறினால் இரண்டு துறைகளிலிருந்தும் தனித்தனியே விளக்கம் கேட்பார்கள், அதனால் ஒழுங்கு.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் பூசணிக்காய், வாழைத்தார், முட்டை என்று கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அந்த வருடம் ஐயரம்மா ஒரு புது ஏற்பாடு செய்தார். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. முட்டையிலிருந்து வெளிவந்து ஒரே நாளான வெள்ளை லெகார்ன் கோழிக்குஞ்சுகளை வீட்டுக்குப் பன்னிரண்டாகப் பகிர்ந்து கொடுத்து, வளர்த்துப் பிப்ரவரியில் பண்டிகைக்குக் கொண்டுவரச் சொன்னார். கூடவே வளர்ப்பு முறை அச்சடித்த ஒரு துண்டறிக்கை.

அதே வாரம் அம்மாவுக்கு வேலூரிலிருந்து ஒரு கவர் வந்தது. நர்சுகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியையாவதற்கு ஒரு வருடப் பயிற்சி. அதற்கு அவள் தேர்வாகியிருந்தாள். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வரலாம். சம்மதப் படிவம் ஜனவரி முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். படிவத்தின் கடைசி வரி, 'கணவர் அல்லது பாதுகாவலரின் ஒப்பம்'. இப்படிப்பட்ட வரிகளை யார் யோசித்துப் போடுகிறார்கள் என்பது பிற்காலத்தில் நானே சில படிவங்களை வரைந்தபோது புரிந்தது. யாரும் யோசிப்பதில்லை. பழைய படிவத்தைப் பார்த்து எழுதுகிறார்கள்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது பேச்சு வந்தது.

"ஒரு வருஷமா? இந்த வீடு இன்னா ஆவறது?" என்றார் அப்பா.

"வீடு வீடாத்தான் இருக்கும்," என்றாள் அம்மா.

"புள்ளைங்க?"

"உங்க புள்ளைங்கதான? நீங்க பாத்துக்க மாட்டீங்களா?"

"பாத்துக்குவேன். அதுக்கில்ல. திடீர்னு ஜுரம் கிரம்னு வந்தா?"

கூடத்து மூலையில் அட்டைப்பெட்டிக்குள் பன்னிரண்டும் ஒரே குரலாகக் கத்திக்கொண்டிருந்தன. அம்மா எச்சில் கையாலேயே அந்தப் பக்கம் காட்டினாள்.

"அதுங்களுக்கும் தாய் கெடையாது. எறகு மொளைக்க நாலு வாரம்னு போட்டிருக்கு. நீங்க மூணு பேரும் பாருங்க. நான் ஒரு விரல் வெக்க மாட்டேன். பன்னெண்டுல பத்து தேறிச்சின்னா கையெழுத்துப் போடுங்க. தேறலன்னா கவர நானே கிழிச்சிப் போட்டுர்றேன்."

"பத்து இன்னா பத்து? பன்னெண்டும் நிக்கும் பாரு. ஈரமும் சூடும் எனக்கே கத்துக் குடுக்கறியா?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது அவருக்கு உறைத்தது. சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. குஞ்சுகள் பிழைத்தால் மனைவி போய்விடுவாள். செத்தால், ஆயிரக்கணக்கில் தோலைப் பூஞ்சணம் படாமல் காயவைக்கிற மேஸ்திரிக்குப் பன்னிரண்டு குஞ்சைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளத் துப்பில்லை என்று கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும்.

எனக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை. அம்மா போகக் கூடாது, அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஞாயிறு பள்ளியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூன்று மட்டும் செத்தால் போதும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். கழித்தல் கணக்கு எனக்கு அப்போதே நன்றாக வரும்.

நாங்கள் இருந்தது கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. சுண்ணாம்புக் குழியின் நெடியும் தோல் பதனிட ஊறுகிற மரப்பட்டையின் துவர்ப்பு வாசனையும் மழைநாளில் சுவர் வழியாகவே உள்ளே வரும். வீட்டுக்கு இரண்டு பல்பு, கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. கூடத்துப் பல்பு குஞ்சுகளுக்குப் போயிற்று. பழைய அலுமினிய அன்னக்கூடை ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, பல்பை உள்ளே இறக்கி, குப்புறக் கவிழ்த்து உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டார் அப்பா. கயிற்றில் நான்கு முடிச்சுகள். வாரத்துக்கு ஒரு முடிச்சு மேலே ஏற்றினால் ஐந்து டிகிரி குறையும் என்பது கணக்கு. அண்ணனும் நானும் தரையில் குப்புறப் படுத்து, அன்னக்கூடையின் விளிம்பிலிருந்து கசிகிற வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதினோம். குஞ்சுகள் வந்து எங்கள் வாய்ப்பாட்டைக் கொத்தும்.

மூலை கூடாது என்று துண்டறிக்கையில் போட்டிருந்ததால் வட்டமாக ஒரு தடுப்பு வேண்டும். தகரம் வாங்கலாம் என்றான் அண்ணன்.

"தோல் கம்பெனில இருந்துகினு தகரம் வாங்குவனா நான்?"

ஷூவின் அடிப்பாகத்துக்குப் போடுகிற தடித்த எருமைத்தோலில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கொண்டுவந்தார். முழங்கால் உயரத்துக்கு வெட்டி, ஒன்றோடொன்று தைத்து, நான்கடி அகலத்தில் ஒரு வளையம் செய்தார். பார்க்க அரண்மனை மதில் போல இருந்தது. உள்ளே விரிப்பதற்கு, தோலைச் சீவுகிற மெஷினிலிருந்து விழும் நீலநிறச் சீவலை ஒரு மூட்டை. பஞ்சைவிட மெத்தென்று இருக்கும். குஞ்சுகள் அதில் இறங்கியதும் முதல் வேலையாக அதைத் தின்ன ஆரம்பித்தன.

அம்மா அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு விரல் வைக்க மாட்டேன் என்றாளே தவிர, வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எங்களிடம் நேராகப் பேசினால் விதிமீறல் ஆகுமோ என்று சுவரில் மாட்டியிருந்த காலண்டரிடம் பேசினாள்.

"கொடல்ல தோலு அடைச்சிக்கினா ஆபரேஷன் பண்றதுக்கு இந்த ஊர்ல டாக்டர் இல்லப்பா."

அப்பா காதில் விழாதது போல இருந்துவிட்டு, அம்மா டூட்டிக்குப் போனதும் சீவலை வாரிக் கொட்டிவிட்டு உமி பரப்பினார். முதல் சில நாளைக்கு உமியின் மேல் செய்தித்தாளும் விரித்தார். தீனி எது, படுக்கை எது என்று அதுகளுக்குத் தெரியும்வரை.

மதிலும் நிலைக்கவில்லை. குஞ்சுகள் தண்ணீர்த் தட்டைக் கவிழ்த்ததில் வளையத்தின் அடி ஊறியது. மறுநாள் பல்பு சூட்டில் காய்ந்து, அப்பளம் போலச் சுருண்டு மேலே எழும்பிக்கொண்டது. விடிந்ததும் பார்த்தால் வளையத்தில் ஏழுதான். மற்றவற்றைக் கட்டிலடியிலும் அரிசிப் பானைக்குப் பின்னாலும் தேடிக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் கேட்டது. டூட்டிக்குப் புறப்பட்டு வெறுங்காலோடு வாசலில் நின்றிருந்தாள். அவளுடைய வெள்ளை ஷூ இரண்டிலும் ஆளுக்கொன்றாகக் குஞ்சுகள் உட்கார்ந்திருந்தன.

"யாராச்சும் வந்து என் ஷூவ காலி பண்ணுங்க. விரல் வெக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன். கால் வெக்கலாமான்னு தெரியல."

அப்பா ஓடிவந்து எடுத்தார். "சட்டத்துல ஆணியடிக்காம தோலக் காயவுட்டது என் தப்பு," என்று காலண்டரிடம் சொன்னார். அவருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலமே வளையத்தைச் சுற்றி மரச்சட்டம் வைத்து ஆணியடித்தார்.

நான்காம் நாள் ஒரு குஞ்சு செத்தது. வரும்போதே தொப்புள் ஆறாமல் வந்தது அது. அண்ணன் வேப்பமரத்தடியில் புதைத்தான். நான் மனசுக்குள் 'ஒன்று' என்றேன். உடனே ஓடிப்போய் அந்த மண்மேல் ஒரு வேப்பங்கொத்து வைத்தேன். ஆனாலும் எண்ணியது எண்ணியதுதான்.

இரண்டாவது ஞாயிறு மழை தூறிக்கொண்டிருந்தது. ஆலயத்திலிருந்து திரும்பி, நான் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா! இது ஒண்ணு சாவுது, ஓடியா!" என்று கத்தினான் அண்ணன்.

ஒரு குஞ்சு கழுத்தை நீட்டி, காலைப் பரப்பி, கண்ணை மூடிக் கிடந்தது. வயிறு முட்டத் தின்ற குஞ்சு அப்படித்தான் தூங்கும் என்று இப்போது தெரியும். அன்று தெரியவில்லை. அண்ணன் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். "கொதிக்குது." நர்ஸ் வீட்டுப் பிள்ளைகளான நாங்கள் அடுத்து என்ன செய்வோம்? அம்மாவின் கைப்பையிலிருந்து ஜுரம் பார்க்கிற தர்மாமீட்டரை எடுத்து, உதறி, குஞ்சின் இறக்கைக்கு அடியில் வைத்து, முழுதாக இரண்டு நிமிடம் எண்ணினோம். பாதரசத்தைப் படிக்க எனக்குத்தான் நன்றாக வரும்.

"நூத்தி ஆறு," என்றேன்.

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம். "எவ்ளோ?"

"நூத்தி ஆறும்மா."

"இன்னொண்ணுக்குப் பாரு."

"நூத்தி ஆறரை."

வரிசையாகப் பார்த்தோம். பதினொன்றுக்கும் நூற்றாறுக்குக் குறையவில்லை. வார்டில் ஒரு குழந்தைக்கு நூற்றாறு என்றால் டாக்டரைத் தேடி ஓடுவார்கள். இங்கே வார்டு முழுக்க. அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீ கை வெக்க மாட்டேன்னு..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"ஒதுங்குங்க!"

ஆஸ்பத்திரியில் அவள் எப்படி இருப்பாள் என்பதை வீட்டில் நான் பார்த்தது அன்றுதான். பல்பு அணைந்தது. ஜன்னல் திறந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு, கிழிந்த வேட்டித் துணி எல்லாம் வந்தன. ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி, தலையிலிருந்து வால்வரை ஒற்றியெடுத்தாள். மஞ்சள் உருண்டைகளாக இருந்தவை, நனைந்ததும் உள்ளே இவ்வளவுதானா என்று கேட்கும்படி சுருங்கிப்போயின. கால் மணிக்கு ஒருமுறை ஜுரம் பார்க்க வேண்டும். குறிப்பெழுதுவது என் வேலை. கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, புள்ளி வைத்து, புள்ளிகளை ஸ்கேலால் இணைத்தேன். நூற்றாறு, நூற்று நான்கு, நூற்றொன்று. கோடு அழகாகக் கீழே இறங்கியது.

"எறங்குது பாத்தீங்களா?" என்றாள் அம்மா. நெற்றியெல்லாம் வேர்வை.

"பரவால்லியே," என்றார் அப்பா. அவர் குரலில் உண்மையான மரியாதை இருந்தது.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு," என்று நான் படித்தபோது அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பாடா. நார்மல்."

குஞ்சுகள் அப்போது கத்துவதையும் நிறுத்தியிருந்தன. நிம்மதியாகத் தூங்குகின்றன என்று நாங்கள் நால்வரும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்து வீட்டு சாச்சா எட்டிப் பார்த்தார். கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிறவர், அப்பாவுக்கு தோஸ்த். மாடியில் புறா வளர்ப்பவர்.

"இன்னா மேஸ்திரி, சத்தத்தையே காணோம்? ரெண்டு வாரமா ஒரே பேஜாரு. இன்னிக்கிக் கம்முனு கீதேன்னு பாத்தேன்."

"எல்லாத்துக்கும் ஜுரம், பாய். இப்பதான் எறங்கிச்சி," என்றார் அப்பா.

"யாருக்கு ஜுரம்?"

"குஞ்சுங்களுக்கு. நூத்தி ஆறு இருந்துச்சி."

சாச்சா குனிந்து ஒன்றை எடுத்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்த வேகத்திலேயே போயிற்று. "ஜில்லுனு கீதே. யம்மா, றெக்கை வெச்சதுக்கு ஒடம்பு சூடு ஜாஸ்தி. என் புறாவப் புடிச்சிப் பாரு, அடுப்புலருந்து எடுத்த கெழங்கு மாதிரி இருக்கும்."

அம்மா நம்பவில்லை. நம்பாதது மட்டுமல்ல, சோதனை வேண்டும் என்றாள். சாச்சா ஓடிப்போய் ஒரு புறாவைக் கொண்டுவந்தார். இறக்கைக்கடியில் தர்மாமீட்டர். இரண்டு நிமிடம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நூத்தி ஏழு."

"காலைல வாணியம்பாடி வரிக்கும் போய்ட்டு வந்துச்சி அது," என்றார் சாச்சா. "ஜுரத்தோட போயிருக்குது, பாவம்."

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்திலிருந்து நிறம் வடிவதைப் பார்த்தேன். முதலில் அசைந்தது அப்பாதான். "பல்பு! ஜன்னல சாத்து!" அன்னக்கூடையை உமி தொடுகிற அளவுக்கு இறக்கினார். துவட்டித் துவட்டி அதன் கீழே அடுக்கினார். இடம் போதாமல் மூன்றைத் தன் பனியனுக்குள் போட்டுக்கொண்டு அடுப்பு முன் உட்கார்ந்தார். காலையில் வாயில் வெற்றிலையோடு கொட்டகையில் எல்லாரையும் விரட்டுகிற மனிதர், மூச்சு விட்டால் நசுங்கிவிடுமோ என்று பயந்து மூச்சை அரையரையாக விட்டுக்கொண்டிருந்தார். அரைமணி கழித்து அவருடைய வயிற்றிலிருந்து ஒரு கீச் கேட்டது. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒன்பது எழுந்து நின்றன. இரண்டு எழவில்லை.

அம்மா பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை சோப்புப் போட்டு, வார்டில் கழுவுவது போல, வெகுநேரம். அப்பா பின்னால் போய் நின்றார். அவர் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீதானே கை வைத்தாய் என்று. நான் கதவருகில் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"எனுக்கும்தான் தெரியல," என்றார்.

"எனக்குத் தெரியாதுன்றதே எனக்குத் தெரியல," என்றாள் அம்மா. "நான் போய் இன்னொருத்திக்குப் பாடம் நடத்தப் போறேனாம்."

உள்ளே வந்து, அலமாரியில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கி, அதனடியில் படிவத்தைத் தள்ளினாள். "ஒம்போதுதான். பேச்சு பேச்சுதான்." கவரைக் கிழிக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

மூன்று கேட்டிருந்தேன், மூன்று கிடைத்திருந்தன. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அன்று ராச்சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. ஜுரமோ என்று அம்மா என் நெற்றியைத் தொட வந்தாள். பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு வாரம் குஞ்சுகளுக்குப் பொற்காலம். மின்சாரம் போகிற சாயங்காலங்களில் லாந்தர், வெயில் வந்தால் வாசலில் ஒரு மணி நேரம், வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு முடிச்சு மேலே. முதலில் இறக்கையில் வெள்ளைச் சீப்பு போல இறகு முளைத்தது. பிறகு வாலில். கழுத்து மட்டும் மஞ்சள் பஞ்சும் வெறும் தோலுமாக நிற்க, கல்யாணத்துக்குப் புதுச்சட்டை போட்டு வேட்டியை மறந்துவிட்டு வந்த ஆட்களைப் போல உலாத்தின. திடீர் திடீரென்று காரணமில்லாமல் எம்பிக் குதிக்கும். அண்ணன் அவற்றுக்குக் குஸ்தி நடத்தினான்.

அம்மா மட்டும் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். டூட்டி முடிந்து வருவாள், தொப்பியை ஆணியில் மாட்டுவாள், சமைப்பாள். காலண்டரோடு பேச்சு நின்றுவிட்டது. அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே தண்ணீர்த் தட்டைப் பல்புக்கு நேர் கீழே வைத்துவிட்டு, ஓரக்கண்ணால் அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே நகர்த்தி வைத்தார்.

அந்த நாட்களில்தான் அவர் திடீரென்று என் தலையைப் பின்ன ஆரம்பித்தார். தோல்வாரைப் பின்னுகிற மாதிரி பின்னுவார். மூன்று நாளைக்கு அவிழ்க்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பெண்கள் இழுத்துப் பார்த்தார்கள். புளிக்குழம்பு வைக்கவும் முயற்சி செய்தார், அண்ணன் அதைத் தண்ணீர் விட்டுக் குடித்தான். அப்பாவுக்குக் குஞ்சுப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டினோம். பெரியவர்கள் ஒன்றுக்காகத் தயாராகும்போது அதைச் சொல்லாமலே தயாராவார்கள் என்பது அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

படிவம் போய்ச் சேரக் கடைசி வாரம். வெள்ளிக்கிழமை அப்பா பட்டை மூட்டை பார்க்க வேண்டும் என்று ஒடுகத்தூர்ப் பக்கம் போய், சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினார். சாப்பாட்டுப் பையை வழக்கம்போல அடுப்படியில் வைக்காமல் நேராகக் கூடத்துக்குக் கொண்டுபோனார். முடிச்சை ஏற்றுகிறேன் என்று சொல்லி எங்களைத் தெருவுக்கு விரட்டினார்.

சனிக்கிழமை காலை வளையத்துக்குள் ஒன்பது வெள்ளைக் குஞ்சுகள் ஒரு பக்கமாகக் கூடி நின்றன. எதிர்ப்பக்கம், தீனித் தட்டுக்குப் பின்னால், செம்பழுப்பு நிறத்தில், முதுகில் கறுப்புக் கோடோடு, நெட்டைக் காலில் ஒன்று நின்றது. புது அதிகாரி பொறுப்பேற்ற அன்று அலுவலகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த இடம்.

"இது ஏதுப்பா?" என்றான் அண்ணன்.

"எது?" அப்பா செய்தித்தாளை இறக்கவில்லை.

"இந்தச் செவப்பு."

"நம்மளுதுதான். எறகு மொளைக்கறப்ப நெறம் மாறும். ஒரே தொட்டில ஊறின தோலு எல்லாம் ஒரே கலராவா வருது?"

"காலு கூடவா கறுப்பா மாறும்?"

"உனுக்குப் படிக்கறதுக்கு ஒண்ணும் இல்லியா?"

அம்மா டூட்டிக்குப் புறப்பட்டு வந்தாள். மேசைமேல் படிவம் இருந்தது. அலமாரித் தாளின் மடிப்பு அதில் அப்படியே பதிந்திருந்தது. பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

"நாலு வாரம் ஆச்சி. எண்ணிப் பாத்துடலாம்," என்றார் அப்பா.

"எண்ண இன்னா இருக்கு? ஒம்போது."

"எண்ணாம எப்படிச் சொல்ற? நான் எண்ணுனா நீ நம்ப மாட்ட. நீ எண்ணுனா நான் நம்ப மாட்டேன். பாப்பா எண்ணட்டும்."

அம்மா வளையத்தருகே வந்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகக் குனிந்து பார்த்தாள். பழுப்புக் குஞ்சை வெகுநேரம் பார்த்தாள். அதுவும் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணு," என்றாள் என்னிடம். "ஒழுங்கா எண்ணணும்."

ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினேன். வெள்ளை ஒன்பது. விரல் பழுப்பின்மேல் வந்து நின்றது. 'இது நம்முடையது இல்லை' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உண்மை. அது முறை. அம்மா எங்கேயும் போக மாட்டாள். தினமும் அவளே என் தலையைப் பின்னுவாள். அண்ணன் மூச்சை இழுப்பது கேட்டது. அப்பாவின் விரல்கள் கயிற்றில் அசையவில்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. கண்ணைக்கூடக் காட்டவில்லை. ஆனால் வெள்ளை உடுப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தேர்வு முடிவு ஒட்டுகிற பலகைக்கு முன்னால் நிற்கிற பெண் மாதிரி நின்றிருந்தாள். அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது என்பது அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. அவளுக்கு ஒன்று வேண்டியிருக்கும் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

"பத்து," என்றேன்.

அப்பா பாய்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். தாமதித்தால் அந்தக் குஞ்சே வாயைத் திறந்து ஒடுகத்தூர்க்காரன் என்று சொல்லிவிடுமோ என்பது போல.

"தேதி போடுங்க," என்றாள் அம்மா. கவரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள். "தேதி போடாட்டி திருப்பி அனுப்பிடுவாங்க."

"இன்னிக்கி இன்னா தேதி?"

அவள் காலண்டரைப் பார்த்துத் தேதியைச் சொன்னாள். அப்பா எழுதினார். படிவத்தைக் கவரில் போட்டு, கவரைக் கைப்பையில் வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகப் படியிறங்கிப் போனாள். தெருமுனைவரை போய்த் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் மூவரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஒன்பதும் ஒன்றும் தீனித் தட்டுக்குச் சண்டை போடுகிற சத்தம் கேட்டது.

பின்னாளில் எண்ணிக்கையில் ஒன்று உதைக்கிறது என்று நான் திருப்பி அனுப்பிய கோப்புகள் ஏராளம். கல்நெஞ்சக்காரி என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அன்று நான் சொன்ன பத்தை யாரும் மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணச் சொல்லியிருந்தாலும் பத்து என்றுதான் சொல்லியிருப்பேன்.